பரசூட்டைக் கழுவிய கதை



கொஞ்சம் நீளமான பதிவு. கடற்கரைப் பக்கம் ஹோட்டல், கைட் இடங்களில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் யாராவது ஒருவர் பொறுமையாக வாசித்தால் போதும். பிழை எங்கள் வீட்டில் நடந்தது. அதில் பெரிய பங்கு என்னுடையது. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

கற்பிட்டியில் மே மாதம் காற்றுத் தொடங்கினால் ஒக்டோபர் வரை களப்புப் பக்கம் முழுக்கக் கலர் கலராகப் பட்டங்கள். கைட் சேர்பிங் என்று சொல்வார்கள். ஊரில் பெரியவர்களுக்கு எல்லாமே ‘பரசூட்’தான். என் தம்பியும் அப்படி ஓர் இடத்தில் மூன்று சீசனாக வேலை செய்கிறான். பட்டத்துக்குக் காற்று அடிப்பது, நூல் பிரிப்பது, சாமான் கழுவுவது எல்லாம் அவன் வேலை. கழுவுவது எப்படி என்று அவனுக்கு யாரும் ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. “நல்லா கழுவி வை” என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பயிற்சி.

போன சீசனில் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்திருந்தார். அவர் கொண்டு வந்தது கைட் இல்லை, பராகிளைடர். மலையில் இருந்து பறக்கிற, மனிதன் தொங்குகிற சிறகு. இங்கே பறக்க அல்ல, கடற்கரைக் காற்றில் தரையில் நின்று சிறகைக் கையாளப் பழகத்தான் கொண்டு வந்தார். ஒரு பின்னேரம் காற்று திடீரென்று கூடி, சிறகு அவரை இழுத்துக்கொண்டு போய்க் களப்பில் போட்டுவிட்டது. அவருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிறகும், இடுப்பில் கட்டுகிற ஆசனமும், அந்த ஆசனத்துக்குள் மடித்து வைத்திருந்த அவசரப் பரசூட்டும் உப்புத் தண்ணீரில் நனைந்துவிட்டன.

அவசரப் பரசூட் என்றால், மேலே சிறகுக்கு ஏதாவது நடந்தால் கையால் இழுத்து எறிகிற கடைசிப் பரசூட். அதற்குப் பிறகு இன்னொன்று இல்லை.

அவர் காலில் அடிபட்ட தோலுக்கு மருந்து போடப் போயிருந்தார். போகும்போது, நன்னீரில் அலசி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது பொறுப்பாளர் வாயால் தம்பியிடம் வரும்போது “நல்லா கழுவி வை” என்று மாறிவிட்டது. அந்த இடத்துக் கிணறு உவர். தம்பி எல்லாவற்றையும் பெரிய பையில் போட்டு, முச்சக்கர வண்டியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான்.

“நானா, இத எப்பிடிக் கழுவுற?” என்று கேட்டான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க வராது. “நைலோன்தானே, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவு” என்றேன். என் வாயால் வந்த வார்த்தை அது.

பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். உம்மா சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூள் கரைத்துத் தந்தார். தம்பி மிதித்தான். பாசி பிடித்த இடத்தை நான் உடுப்புத் தேய்க்கிற பிரஷால் தேய்த்தேன். வெள்ளைப் பரசூட்டில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அதற்குத் தேசிக்காய் வெட்டித் தேய்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். கடைசித் தண்ணீரில் உம்மா உடுப்புக்கு வாசம் வருகிற திரவத்தை ஒரு மூடி ஊற்றினார். வெளிநாட்டுக்காரர் சந்தோசப்படட்டும் என்ற நல்லெண்ணம்தான். அடுத்த நாள் காலையில் இருந்து அஸர் வரைக்கும் கொளுத்துகிற வெயிலில் வேலியில் போட்டுக் காய வைத்தோம்.

சும்மா சொல்லக் கூடாது. பளிச்சென்று இருந்தது. மல்லிகைப்பூ வாசம்.

இரவு, இதை எப்படி மடிப்பது என்று பார்க்கத்தான் போனை எடுத்தேன். மடிப்பதைத் தேடப் போய், கழுவுவதைப் பற்றி வாசித்தேன். வாசிக்க வாசிக்க வயிற்றைக் கலக்கியது. நாங்கள் செய்த ஒவ்வொன்றும், செய்யக் கூடாது என்ற பட்டியலில் வரிசையாக இருந்தது.

ஏன் என்று விளக்க வேண்டும். காரணம் தெரியாமல் “செய்யாதே” என்றால் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கமாட்டேன்.

பரசூட் முதலில் பட்டுத் துணியில்தான் செய்தார்கள். 1935இல் அமெரிக்காவில் டூ பொண்ட் கம்பனியில் வேலை செய்த வோலஸ் கரோதர்ஸின் ஆய்வுகூடத்தில் நைலோன் உருவானது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பட்டு கிடைக்காமல் போக, நைலோன் அந்த இடத்துக்கு வந்தது. 1942இல் அடெலின் கிரே என்ற பெண் நைலோன் பரசூட்டில் முதன்முதலாகக் குதித்துக் காட்டினார். இன்றைக்கும் பரசூட், பராகிளைடர் துணி பெரும்பாலும் நைலோன்தான். துணியை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். இடைக்கிடை தடித்த நூல் போட்டு நெய்திருப்பார்கள். ஓர் இடத்தில் கிழிந்தால் கிழிசல் ஓடாமல் அந்த நூலில் நிற்கும்.

ஆனால் நூல் மட்டும் போதாது. பரசூட்டின் உயிர், அந்தத் துணி எவ்வளவு காற்றை ஊடுருவ விடுகிறது என்பதில் இருக்கிறது. பராகிளைடர் சிறகுத் துணிக்கு மேல் மிக மெல்லிய சிலிக்கோன் அல்லது பொலியுரதேன் பூச்சு இருக்கும். காற்றை உள்ளே பிடித்து வைப்பது அதுதான். அவசரப் பரசூட்டிலோ, துணியை நெய்த பிறகு அழுத்தி, இவ்வளவு காற்றுத்தான் போகலாம் என்று கணக்காகச் செய்திருப்பார்கள். அந்தக் கணக்குப் பிழைத்தால் விரிகிற நேரமும் மாறும், கீழே இறங்குகிற வேகமும் மாறும்.

சவர்க்காரத் தூளும் பிரஷும் மிதிப்பதும் பிழிவதும் முதலில் தாக்குவது இதைத்தான். நூல் அப்படியே இருக்கும். நிறம் முன்னையைவிட நன்றாக இருக்கும். பூச்சு போயிருக்கும், இழைகள் விலகியிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இதைப் பார்க்கவென்றே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட அளவு காற்று துணிக்குள்ளால் போக எத்தனை செக்கன் எடுக்கிறது என்று அளப்பார்கள். செக்கன் குறைந்தால் துணி வயதாகிவிட்டது என்று அர்த்தம். அப்படி வயதான சிறகு ஆகாயத்தில் முன்னுக்குப் போகாமல் அப்படியே கீழே அமிழத் தொடங்கலாம்.

அடுத்தது வெயில். வெயிலில் உள்ள கழியூதாக்கதிர் நைலோனின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அறுக்கும். கடற்கரையில் கட்டிய நைலோன் கயிறு ஒரு வருசத்தில் வெளிறி, கையால் இழுத்தாலே நார் நாராக வருவதை எங்கள் ஊரில் பார்க்காதவர் இல்லை. அதே நைலோன்தான் இது. இன்னும் மெல்லியது.

அடுத்தது நான் போட்ட தேசிக்காய். நைலோனின் பெரிய எதிரி அமிலம். சங்கிலியின் பிணைப்புகளை நீர்ப்பகுப்பால் உடைத்துவிடும். தேசிக்காய்ப் புளி மென்னமிலம்தான், ஒரு நாளில் துணியைத் தின்றுவிடாது. ஆனால் சரியாக அலசாமல் துணியில் தங்கினால், மடித்து வைத்திருக்கிற மாதக்கணக்கில் என்ன நடக்கும் என்று யார் பொறுப்பெடுப்பது? 1980களில் அமெரிக்காவில் இப்படி உண்மையாகவே நடந்திருக்கிறது. சில வட்ட அவசரப் பரசூட்டுகளில் பயன்படுத்திய வலைத்துணியில் அமிலம் தங்கியிருந்து, அதைத் தொட்டுக்கொண்டு மடிந்திருந்த நைலோனைப் பலவீனமாக்கிவிட்டது. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி. பரசூட் மடிக்கும் நிபுணர்கள் புரோமோகிரெசோல் கிரீன் என்ற காட்டியைத் துணியில் தொட்டு, மஞ்சள் வருகிறதா என்று சோதித்தார்கள். பிறகு துணியை இழுத்துப் பார்க்கும் சோதனையும் செய்தார்கள். அமிலமும் காட்டியும் நான் ஒவ்வொரு வருசமும் கரும்பலகையில் எழுதுகிற பாடம். வீட்டில் தேசிக்காயை வெட்டும்போது அந்தப் பாடம் எங்கே போனது என்று தெரியவில்லை.

உப்பையும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பளிங்குகள் இழைகளுக்கு இடையில் தங்கி, துணி அசையும் ஒவ்வொரு முறையும் அரம் மாதிரி உராயும். ஆகவே நன்னீரில் அலசுவது கட்டாயம், அதுவும் காய முன்னர். கடலில் 24 மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த பரசூட்டை அமெரிக்க இராணுவத்தில் பாவனையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அலச வேண்டும் என்று அந்த மனிதர் சொன்னது சரி. கழுவியது எங்கள் கெட்டித்தனம்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது.

“சொல்லாம குடுத்துருவம் நானா. பாத்தா வெளங்காதுதானே. சீசன் இப்பதான் தொடங்கின. வேல போனா என்ன செய்ற?”

அவன் சொன்னதும் உண்மை. பார்த்தால் விளங்காது. அதுதான் பயமே. எங்கள் வாப்பா மௌத்தான பிறகு, சீசன் மாதங்களில் அவன் கொண்டு வருகிற காசும் சேர்ந்துதான் வீடு ஓடுகிறது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அது அந்த மனுசன்ட அமானிதம்” என்று மட்டும் சொன்னார்.

அமானிதம் என்ற சொல்லை எத்தனை குத்பாவில் கேட்டிருப்போம். எனக்கு அன்றைக்குத்தான் அது ஒரு பை நிறையத் துணியாக முன்னால் இருந்தது. இந்த மனிதர் ஊருக்குப் போய், ஏதோ ஒரு மலையில் இருந்து, எங்கள் வீட்டு மல்லிகை வாசத்தோடு குதிக்கப் போகிறார். கடைசிப் பரசூட்டை இழுக்க வேண்டி வந்தால் அவருக்கு விளங்கும். நமக்குத் தெரியவே வராது.

சுபஹுக்குப் பிறகு இரண்டு பேரும் போனோம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். சுடுதண்ணீர், தூள், பிரஷ், தேசிக்காய், வாசத் திரவம், பிழிந்தது, வெயில். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகம் மட்டும் இறுகியது. ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு அவசரப் பரசூட்டை எடுத்து, அதன் கயிறுகளைச் சேர்த்துச் சிவப்பு ரிபனால் கட்டினார். யாரும் தவறுதலாகப் பாவிக்கக் கூடாது என்பதற்காம். அது இனிப் பறக்காது என்றார். சிறகைச் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்.

போகும்போது தம்பியின் தோளில் கை வைத்து, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதைக் கட்டிக்கொண்டுதான் பறந்திருப்பேன் என்றார்.

தம்பியின் வேலை போகவில்லை. ஆனால் பொறுப்பாளர் இரண்டு மாதச் சம்பளத்தில் கழித்தார். “நல்லா கழுவி வை” என்று சொன்னவருக்கு ஒன்றும் கழியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் கழித்த காசை நினைத்து நித்திரை வராமல் இருந்த நாள் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் வந்திருக்குமா தெரியாது.

இனி, இந்த வேலை செய்யும் பிள்ளைகளுக்கு. எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கேளுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் செய்த கம்பனியின் கைநூல் இருக்கும். சொந்தக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள், ஆள் மாறி வந்த சொல்லை நம்பாதீர்கள். கேட்பது வெட்கம் இல்லை.

2. அவசரப் பரசூட் என்றால் நீங்களாக ஒன்றும் செய்யாதீர்கள். எப்போது நனைந்தது, உப்புத் தண்ணீரா நன்னீரா என்று உடனே சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். அலசச் சொன்னால் அலசிக் காய வைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. அதை மடிப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. அமெரிக்காவில் விமானத்திலிருந்து குதிப்பவர்களின் அவசரப் பரசூட்டை 180 நாளுக்கு ஒரு முறை அனுமதிப்பத்திரம் உள்ளவர் திறந்து பார்த்து மடித்து, அட்டையில் கையொப்பம் வைக்க வேண்டும். அவ்வளவு பாரதூரமான விசயம் அது.

3. தண்ணீர் நிறைந்த சிறகைத் தூக்காதீர்கள். உள்ளே அறை அறையாகத் தண்ணீர் நிற்கும். அந்தப் பாரத்திலேயே தையல் கிழியும். பின் விளிம்பைப் பிடித்து, தண்ணீரை மெல்ல வடிய விடுங்கள்.

4. காய்ந்த மண்ணை மெதுவாக உதறுங்கள். துணியை மண்ணில் இழுக்காதீர்கள்.

5. உப்பு நனைந்திருந்தால் நன்னீர், சாதாரணச் சூட்டில். பெரிய தொட்டியில் போட்டுக் கையால் மெல்ல அசைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். வேகமாகப் பீச்சும் குழாய் வேண்டாம். தேவையில்லாமல் அடிக்கடி அலசவும் வேண்டாம். வெறும் தண்ணீர்கூட அந்தத் துணிக்குக் கொஞ்சம் வயதைக் கூட்டும்.

6. கறைக்கு மெல்லிய ஸ்பொஞ்சும் தண்ணீரும் மட்டும். கைநூல் அனுமதித்தால் மாத்திரம் மென்மையான சவர்க்காரம், அதுவும் அந்த இடத்தில் மட்டும். போகாத கறையை விட்டுவிடுங்கள். கறையால் பெரும்பாலும் பறப்புக்கு ஒன்றும் ஆகாது. தேய்த்தால் ஆகும். எதனால் வந்த கறை என்று தெரியாவிட்டால் சொந்தக்காரருக்குக் காட்டுங்கள்.

7. சவர்க்காரத் தூள், குளோரின், தேசிக்காய், வினாகிரி, பெற்றோல், தின்னர், வாசத் திரவம், வோஷிங் மெஷின், அயன் பெட்டி. இவை எதுவும் கிட்ட வரக் கூடாது.

8. பிழியாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில், வழவழப்பான தடித்த கயிற்றில் அல்லது மரத்தில் போட்டுக் காய விடுங்கள். முள்ளுக்கம்பி வேலி வேண்டவே வேண்டாம். தையலும் நூலும் காயும்வரை மடிக்காதீர்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் வரும், பூச்சும் கெடும். பழைய மழைக் கோட் பிசுபிசு என்று ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது பொலியுரதேன் பூச்சு ஈரத்தால் சிதைவதுதான்.

9. படகு பற்றரி இருக்கும் அறையில் வைக்காதீர்கள். அதில் இருப்பது சல்பூரிக்கமிலம். ஒரு துளி போதும்.

10. என்ன செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள். திகதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

கைட் கொஞ்சம் வேறு. அதன் துணி பெரும்பாலும் பொலியெஸ்டர், நன்னீரில் அலசலாம். ஆனால் வெயிலும் மண்ணும் தூளும் அதற்கும் எதிரிதான். கூடாரம், மழைக் கோட் போன்ற பூச்சுப் போட்ட துணிகளுக்கும் இந்தப் பட்டியலில் பாதி பொருந்தும்.

இந்த இடங்களை நடத்துபவர்களும் இதை வாசிக்கக்கூடும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாமானின் விலையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். எப்படிக் கழுவுவது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் எழுதி, கிணற்றடியில் மாட்டிவிடுங்கள். எழுதித் தர ஆள் இல்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள். தமிழை நான் எழுதுகிறேன், சிங்களத்துக்கு எங்கள் பாடசாலையில் டீச்சர் இருக்கிறார். காசு வேண்டாம்.

தம்பி இந்த சீசனும் போகிறான். இப்போது அங்கே எது நனைந்தாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறார்களாம். போன கிழமை ஒருவருடைய பையில் ஈரம் இருப்பதைக் கண்டு, திறக்காமல் ஆளைத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து சொன்னான். உம்மா சிரித்துக்கொண்டே, “அப்ப இனி என்ட சவர்க்காரத் தூள் மிச்சம்” என்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.